கட்சிகள் பல, பந்தி ஒன்று: தேர்தல் காலத்தில் சபை ஒன்றாயிருப்பதற்கான முழுமையான வழிகாட்டி

2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு மூன்று வாரங்கள் இருந்தபோது, மட்டக்களப்பில் எங்கள் சபையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வாங்கில் அமர்ந்து ஆராதித்துவந்த இரண்டு குடும்பங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு பக்கமாக அமர்ந்தன. ஒரு வீட்டார் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரனுக்காக வேலை செய்தார்கள். மற்ற வீட்டார் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தீர்மானத்தை ஏற்று சஜித் பிரேமதாசவை ஆதரித்தார்கள். அதற்கு முந்திய தேர்தல்களில் இரு வீட்டாரும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கே வாக்களித்து வந்தவர்கள். பிள்ளைகள் ஒரே ஞாயிறு பாடசாலையில் வளர்ந்தவர்கள். யாரும் வாய்விட்டுச் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் திருவிருந்து வேளையில், ஒரு வீட்டார் முழந்தாளிட்டு எழுந்து தமது இடத்துக்குத் திரும்பும்வரை மற்ற வீட்டார் எழாமல் காத்திருந்தார்கள். அதைக் கண்ட நாளில்தான் இந்த வழிகாட்டியின் முதற்குறிப்புகளை எழுதினேன்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உள்ள போதகர்கள், பங்குத்தந்தையர், சபை மூப்பர்கள், பங்குச் சபை உறுப்பினர்கள் ஆகியோரை மனத்திற்கொண்டு இதை எழுதுகிறேன். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில்கூடக் கிறிஸ்தவர்கள் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை. இவ்வளவு சிறிய மந்தையில் ஒரு பிளவு மறைவாக இருக்க முடியாது. திருமண வீட்டிலும் சாவீட்டிலும் அது தெரிந்துவிடும். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012இல். அடுத்த தேர்தல் எதுவாயினும், வேட்புமனு கோரப்பட்ட பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். சுவரொட்டி இல்லாத காலமே இதற்குப் பொருத்தமான காலம்.

முதற்படி: பிளவு எங்கிருந்து வருகிறது என்பதை அறிதல்

பலர் எண்ணுவதுபோல இது வெறும் கட்சிப் பிடிவாதத்தால் வருவதில்லை. பாராளுமன்றத் தேர்தலில் ஒரு கட்சிக்கு வாக்களித்த பின்னர் அந்தப் பட்டியலில் மூன்று பேருக்கு வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். இதனால் ஒரு வேட்பாளருக்கு மிக அருகிலுள்ள போட்டியாளர் அவருடைய சொந்தப் பட்டியலிலேயே இருக்கிறார். கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்ற மூன்று தொகுதிகளுக்கும் சேர்த்து ஐந்து ஆசனங்களே உள்ள மாவட்டத்தில், ஒரே கட்சியை ஆதரிக்கும் இரு அயலவர்கள்கூட வெவ்வேறு வேட்பாளர் இலக்கங்களுக்காக ஒருவரையொருவர் பகைத்துக்கொள்கிறார்கள்.

அம்பாறை மாவட்டத்தின் நிலை இன்னும் கடினமானது. திகாமடுல்லை என்ற பெயரில் ஏழு ஆசனங்களைக் கொண்ட இந்தத் தேர்தல் மாவட்டத்தில் தமிழ் வாக்குகள் 2020 ஓகஸ்டில் பிளவுபட்டபோது, தமிழர் ஒருவரும் நேரடியாகத் தெரிவாகவில்லை. 2024 நவம்பரில் தமிழரசுக் கட்சியூடாக ஒருவர் தெரிவானார். காரைதீவிலோ தம்பிலுவிலிலோ பொத்துவிலிலோ வாழும் ஒருவர் வேறு கட்சிக்கு வாக்களிப்பதை அயலவர் தன் இருப்பைப் பறிக்கும் செயலாகவே பார்க்கிறார். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாமல் அவரிடம் ஒற்றுமையைப் பற்றிப் பேசுவது பயன் தராது.

இதற்கெல்லாம் அடியில் பழைய புண்கள் கிடக்கின்றன. 2004இல் விடுதலைப் புலிகள் இயக்கம் கிழக்கில் பிளவுபட்டு, பெரிய வெள்ளிக் காலத்தில் வெருகலாற்றங்கரையில் நடந்த சண்டையில் இரு தரப்பிலும் நம் ஊர்ப் பிள்ளைகளே நின்றார்கள். அந்த நாட்களில் பிள்ளையை இழந்த தாய்மாரும், உயிர்தப்பி வந்த இளைஞர்களும் இன்று ஒரே ஆலயத்தில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே சபைத் தலைவர்கள் முதலில் செய்யவேண்டியது, மூன்று நான்கு பேர் அமர்ந்து, தமது சபையில் எந்தக் குடும்பம் எந்தப் புண்ணைச் சுமக்கிறது என்பதை நினைவுகூர்ந்து பேசுவதாகும். இதைத் தாளில் எழுதவேண்டாம். இங்கே எழுதப்பட்ட பெயர்ப்பட்டியல்களால் மக்கள் பட்ட துன்பம் போதும்.

இரண்டாம் படி: வேதத்தைச் சேர்ந்து வாசித்தல்

நான்கு வாரங்கள் போதும். முதல் வாரம் 1 கொரிந்தியர் முதலாம் அதிகாரம்: பவுலைச் சேர்ந்தவன், அப்பொல்லோவைச் சேர்ந்தவன், கேபாவைச் சேர்ந்தவன் என்று சபை பிரிந்தபோது, கிறிஸ்து பிரிந்திருக்கிறாரா என்று அப்போஸ்தலர் கேட்கிறார். ‘நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன்’ என்று சொன்னவர்களையும் அதே பட்டியலில் அவர் வைத்திருப்பதைக் கவனிக்கச் செய்யுங்கள். தன் அணியே கடவுளின் அணி என்று சொல்பவரும் பிளவின் ஒரு பகுதிதான். இரண்டாம் வாரம் ரோமர் 14. மூன்றாம் வாரம் எபேசியர் இரண்டாம் அதிகாரத்திலுள்ள பிரிவினையின் நடுச்சுவர்.

நான்காம் வாரத்துக்குப் பன்னிரு சீடரின் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். ரோம அரசுக்காக இயங்கிய வரிமுறையில் ஆயக்காரனாயிருந்த மத்தேயுவும், அந்த ஆட்சியை எதிர்த்தோரின் பெயரைத் தாங்கிய செலோத்தே எனப்பட்ட சீமோனும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் ஒரே கருத்துக்கு வந்ததாகச் சுவிசேஷம் எங்கும் சொல்லவில்லை. ஒரே பந்தியில் அமர்ந்தார்கள் என்று சொல்கிறது. இந்த வாசிப்பில் எந்தக் கட்சியின் பெயரும் எடுக்கப்படக்கூடாது. கேட்பவர்கள் தாங்களாகவே பொருத்திப் பார்ப்பார்கள்.

மூன்றாம் படி: மூன்று காரியங்களைப் பிரித்தறிதல்

இந்த வழிகாட்டியில் நான் அதிகம் வலியுறுத்துவது இந்தப் படியையே. நமது சபைகளில் பெரும்பாலானவை அரசியலைப் பற்றி வாய்திறப்பதில்லை என்ற முடிவையே ஒற்றுமைக்கு வழியாகக் கொண்டுள்ளன. அந்த மௌனம் பிளவைத் தள்ளிப்போடுகிறது. சில வேளைகளில் துன்பப்படுகிறவரைக் கைவிடவும் செய்கிறது. விசுவாச அறிக்கை, மக்களின் நியாயம், கட்சித் தெரிவு ஆகிய மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதாலேயே இந்த மௌனம் தேவைப்படுகிறது.

விசுவாச அறிக்கையில் வேறுபாட்டுக்கு இடமில்லை. எந்த மனிதனும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்பதை மறுக்கும் ஒரு பேச்சை, அதை எந்த மேடை பேசினாலும், சபை ஏற்க முடியாது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் சிறுவர்கள் பலர் உட்பட நம் மக்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் குற்றத்துக்கு நீதி கேட்பது நம் கடமை. அந்தப் பிள்ளைகளின் மரணத்தைச் சொல்லி, ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் நம் அருகில் வாழும் முஸ்லிம் மக்கள் அனைவரையும் பகைக்கும்படி வாக்குக் கேட்பவர், நம் கட்சிக்காரராகவே இருந்தாலும், அயலானுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளையை மீறுகிறார். இதைப் பிரசங்க பீடத்திலிருந்து சொல்லலாம், சொல்லவேண்டும்.

மக்களின் நியாயம் இரண்டாவது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பர் முதல் சித்தாண்டியில் நடத்திய போராட்டம், காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களுடைய கேள்வி, கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் நடந்த உண்ணாவிரதம் ஆகியவற்றை எந்தக் கட்சியும் தன் சொத்தாக்கிக்கொள்ள முடியாது. இவற்றைப் பற்றிச் சபை பேசுவதும் செபிப்பதும் கட்சி அரசியலாகாது. மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராயிருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்காவிலிருந்து வந்து இந்த ஊரிலேயே வாழ்ந்து மறைந்த இயேசுசபைத் துறவி அருட்தந்தை ஹரி மில்லர், காணாமற்போனவர்களின் விபரங்களைப் பொறுமையோடு பதிவுசெய்தார். அவர்களைப் போன்றவர்களை முன்னால் வைத்துப் பார்த்தால், மௌனமே நடுநிலை என்று நாம் சொல்லிக்கொள்வது எனக்கு வருத்தத்தைத் தருகிறது. ஆயினும் இவ்வகை விடயங்களில் வழி எது என்பதில் விசுவாசிகள் வேறுபடலாம். கல்முனை விடயத்தில் அங்குள்ள முஸ்லிம் மக்களுக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதைக் கேட்கும் செவி நமக்கு வேண்டும்.

கட்சித் தெரிவு மூன்றாவது. எந்தச் சின்னம் அந்த நியாயத்தை நிறைவேற்றும் என்பது மனச்சாட்சியும் அனுபவமும் கணிப்பும் சேர்ந்த ஒரு தீர்ப்பு. அதில் சபைக்கு ஒரே குரல் இருக்கத் தேவையில்லை. சபைக் கூட்டமொன்றில் ஒரு தாளை மூன்று பத்திகளாகப் பிரித்து, அந்த வாரம் பேசப்பட்ட அரசியல் விடயங்களை ஒவ்வொன்றாக எந்தப் பத்தியில் எழுதுவது என்று கலந்துபேசச் செய்யுங்கள். எங்கள் சபையில் இதைச் செய்தபோது, சண்டைக்குக் காரணமான விடயங்களில் மிகப் பெரும்பாலானவை மூன்றாம் பத்தியில் விழுந்ததைக் கண்டு எல்லோரும் சற்று நேரம் பேசாதிருந்தார்கள்.

நான்காம் படி: பீடத்துக்கும் மண்டபத்துக்கும் பணத்துக்கும் எழுதப்பட்ட விதிகள்

தேர்தல் அறிவிக்கப்படுமுன் சபை ஒரு பக்கத்துக்குள் அடங்கும் விதிகளை எழுதி நிறைவேற்றவேண்டும். அறிவிப்புக்குப் பின்னர் எழுதப்படும் எந்த விதியும் யாரோ ஒருவருக்கு எதிராக எழுதப்பட்டதாகவே தோன்றும்.

பிரசங்க பீடத்திலிருந்து எவருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ வாக்குக் கேட்கக்கூடாது. இதற்குச் சட்டமும் துணைநிற்கிறது: 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம், ஆன்மீகத் தீங்கு வருமென்று அச்சுறுத்தி வாக்காளரை இணங்கவைப்பதையும், மத ஒன்றுகூடலில் தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கத்தோடு பேசுவதையும் தகாத செல்வாக்கு என்ற குற்றத்துக்குள் அடக்குகிறது. ‘இன்னாருக்கு வாக்களித்தால் ஆசீர்வாதம் போய்விடும்’ என்று சொல்லும் போதகர் வேதத்தையும் மீறுகிறார், சட்டத்தையும் மீறுகிறார்.

வேட்பாளர் ஒருவர் ஆராதனைக்கு வந்தால் அவரை வரவேற்று, மற்றவர்களோடு அமரச் செய்யுங்கள். முன்வரிசை நாற்காலி, மாலை, ஒலிவாங்கி ஆகிய மூன்றும் வேண்டாம். பொன்மோதிரம் அணிந்து வந்தவனுக்கு நல்ல இடத்தையும் ஏழைக்குக் காலடியையும் காட்டிய சபையை யாக்கோபு கண்டிப்பது இதே காரியத்துக்காகத்தான். கூரைத் தகடோ ஒலிபெருக்கியோ மண்டபத்துக்கான நாற்காலிகளோ தேர்தல் காலத்தில் வந்தால், எவரிடமிருந்து வந்தாலும், பெறுவதில்லை என்று எழுதிவையுங்கள். வறிய சபைகளுக்கு இது கடினமான விதி என்பதை அறிவேன். ஒழுகும் கூரையின் கீழ் ஆராதித்திருக்கிறேன். ஆனால் ஒருவருடைய தகட்டை ஏற்ற சபை, பிறகு அவருடைய எதிராளியின் வீட்டுச் சாவுக்குச் செல்லும்போது தலைகுனிந்து செல்லவேண்டியிருக்கும்.

சபையில் பொறுப்பு வகிப்பவர் வேட்பாளராக நின்றால், தேர்தல் முடியும்வரை அந்தப் பொறுப்பிலிருந்து விலகியிருக்கட்டும். 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலைப் போல வட்டார முறையில் நடக்கும் தேர்தலில் இது மிக அவசியம். அங்கே எதிரெதிராக நிற்பவர்கள் ஒரே ஒழுங்கையில் வசிப்பவர்கள்.

ஐந்தாம் படி: செபிக்கும் முறையை மாற்றுதல்

பொதுச் செபத்தில் கட்சி நுழைவதை யாரும் தடுக்க மாட்டார்கள், ஏனென்றால் கண்கள் மூடியிருக்கும். ‘ஆண்டவரே, நல்லவர்களை எழுப்பும்’ என்ற சொல்லுக்குள்கூட ஒரு சின்னம் ஒளிந்திருக்க முடியும். ஆகவே தேர்தல் காலத்தில் இந்தச் செபம் எழுதப்பட்டு, இருவரால் முன்கூட்டியே வாசித்துப் பார்க்கப்படட்டும். அந்த இருவரும் வெவ்வேறு கட்சியை ஆதரிப்பவர்களாயிருப்பது நல்லது. 1 தீமோத்தேயு இரண்டாம் அதிகாரம் அதிகாரத்திலுள்ள யாவருக்காகவும் மன்றாடச் சொல்கிறது. மாவட்டத்தின் எல்லா வேட்பாளர்களுக்காகவும், வாக்கு நிலையங்களில் கடமையாற்றும் அலுவலருக்காகவும் பொலிஸாருக்காகவும், தோற்கப்போகிறவர்களின் குடும்பங்களுக்காகவும் செபியுங்கள். தோற்பவருக்காக முன்கூட்டியே செபித்த சபைக்கு, முடிவு வந்த நாளில் வெடி கொளுத்த மனம் வராது.

ஆறாம் படி: எட்டுப் பேர் ஒரு மாலையில் அமர்தல்

பெரிய கூட்டத்தில் யாரும் மனத்தைத் திறக்கமாட்டார்கள். எட்டுப் பேர், ஒரு வீட்டு விறாந்தை, தேநீர், இரண்டு மணித்தியாலம் ஆகியவை போதும். வயதிலும் தெரிவிலும் வேறுபட்டவர்களைத் தெரிந்தெடுங்கள். நடத்துபவர் இரண்டு விதிகளை முதலில் சொல்லவேண்டும்: கேட்டது அந்த விறாந்தையைத் தாண்டக்கூடாது, ஒருவர் பேசி முடித்ததும், மறுமொழி சொல்ல விரும்புபவர் முதலில் அவர் சொன்னதைத் தன் வார்த்தையில் திரும்பச் சொல்லி, ‘ஓம், அதைத்தான் சொன்னேன்’ என்ற ஒப்புதலைப் பெறவேண்டும். பிறகு எந்த அனுபவம் இந்தத் தெரிவுக்கு உங்களைக் கொண்டுவந்தது என்றும், உங்கள் கட்சியில் உங்களுக்கே உறுத்தலாக இருப்பது எது என்றும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்கவேண்டாம். வாக்கு இரகசியமானது, சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவரவர் விருப்பம்.

எங்கள் அமர்வொன்றில் இளைஞர் ஒருவர், 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் தன் தகப்பனின் தோணி வாவிக்கரையில் கிடந்ததைச் சொல்லி, அந்த ஆண்டுதான் பழைய பெயர்கள் எதற்கும் இனி வாக்களிப்பதில்லை என்று முடிவு செய்ததாகக் கூறினார். எதிரே இருந்த வயோதிபத் தாயார் அதைத் திரும்பச் சொல்ல மூன்று முறை முயன்றார். பின்னர், தான் ஏன் பழைய சின்னத்தை விடவில்லை என்பதைச் சொன்னார்: அவருடைய மகன் காணாமற்போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன, அந்தச் சின்னத்தைக் கைவிட்டால் மகனைப் பற்றிக் கேட்க ஆளிருக்காது என்று அவர் அஞ்சுகிறார். ‘அம்மா, எனக்கு இது தெரியாது’ என்று மட்டும் அந்த இளைஞர் சொன்னார். அவர்கள் இருவரும் தமது வாக்கை மாற்றிக்கொண்டதாக நான் நினைக்கவில்லை.

இந்த அமர்வில் கொலைகளைப் பற்றிய பேச்சு வரும். அதற்கு ஆயத்தமாக இருங்கள். பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்காகத் தண்டனை பெற்றவர் எவருமில்லை. அப்படிப்பட்ட நினைவுள்ள ஊரில் ஒருவர் விம்மி அழுதால் அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். சங்கீதம் ஒன்றை மெதுவாக வாசித்து அமர்வை முடித்துவிடுங்கள். மன்னித்துவிடுங்கள் என்று அவரை அவசரப்படுத்தும் உரிமை நடத்துபவருக்கு இல்லை.

ஏழாம் படி: கைப்பேசி

சபையின் வட்ஸ்அப் குழு ஆராதனை நேரம், நோயுற்றோர், மரண அறிவித்தல் ஆகியவற்றுக்கு மட்டும் என்று வரையறுத்து, நிர்வாகிகளாக இருவரை வையுங்கள். கட்சிச் செய்தி அனுப்பியவரைக் குழுவுக்குள் கண்டிக்காமல் தனியாக அழைத்துப் பேசுங்கள். வேறு குழுக்களில் வரும் காணொளியை உண்மை என்று உறுதிசெய்யாமல் அனுப்புவது, யாத்திராகமம் 23ஆம் அதிகாரம் தடுக்கும் அபாண்டச் சொல்லைப் பரப்புவதேயாகும் என்பதை இளைஞர் கூட்டத்தில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: வாக்களிப்பு வாரமும் அதற்குப் பின் வரும் ஞாயிறும்

பிரசாரம் ஓயும் கடைசி நாற்பத்தெட்டு மணிநேரத்தை உபவாசத்துக்கும் வீடு சந்திப்புக்கும் பயன்படுத்தலாம். முடிந்தால் வெவ்வேறு கட்சிகளை ஆதரிக்கும் இருவர் சேர்ந்து, வாக்கு நிலையத்துக்குச் செல்ல வசதியற்ற முதியோரைச் சந்தித்து, கட்சி வாகனத்தில் ஏறவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லாதபடி ஒழுங்கு செய்யட்டும்.

2024இல் வாக்களிப்பு செப்டம்பர் 21 சனிக்கிழமை நடந்தது. ஊரடங்கு மறுநாள் நண்பகல்வரை நீடிக்கப்பட்டது. எங்கள் சபை அந்த ஞாயிறு காலை கூடவில்லை. அதனால் முடிவு வெளியான பின் முழுதாக ஒரு வாரம், ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல், கைப்பேசி வழியாகவே வெற்றியும் தோல்வியும் பேசப்பட்டன. அந்த வாரத்தில் நாங்கள் இழந்தது அதிகம். ஆகவே முடிவு வந்த நாற்பத்தெட்டு மணிநேரத்துக்குள், சிறிய அளவிலாவது, சபை கூடும்படி முன்கூட்டியே நாள் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கூடுகையில் பிரசங்கம் வேண்டாம். பாவ அறிக்கை, சமாதான வாழ்த்து, திருவிருந்து என்ற ஒழுங்கில் நடத்துங்கள். சமாதான வாழ்த்துக்கு முன் மத்தேயு 5:23, 24 வாசிக்கப்பட்டு, காணிக்கையை வைத்துவிட்டுச் சகோதரனிடம் போக விரும்புகிறவர்கள் எழுந்து போவதற்கு மெய்யாகவே நேரம் கொடுக்கப்படட்டும். ஐந்து நிமிட மௌனத்தைத் தாங்கச் சபையால் முடியும்.

ஒன்பதாம் படி: ஏற்கெனவே முறிந்த உறவு

எல்லாம் செய்த பிறகும் சில உறவுகள் முறிந்திருக்கும். மத்தேயு 18இல் உள்ள ஒழுங்கு எளியது: முதலில் தனியே, பிறகு ஒருவர் இருவரோடு, பிறகே சபை முன்னிலையில். நம்மில் பலர் கடைசிப் படியிலிருந்து தொடங்குவதால் காரியம் கெடுகிறது. பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தில் எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் பவுல் புத்திசொல்லும்போது, இருவரில் யார் பக்கம் நியாயம் என்று தீர்க்காமல், அவர்களுக்கு உதவிசெய்யும்படி மூன்றாம் ஒருவரைக் கேட்டுக்கொள்கிறார். அப்படியொரு மூன்றாம் ஆளை, இரு வீட்டாரும் மதிக்கும் ஒருவரை, சபை கண்டுபிடிக்கவேண்டும். எங்கள் ஊர்களில் அது பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவராகவோ, இரு பக்கத்துக்கும் உறவான மாமா ஒருவராகவோ இருக்கும்.

நான் தொடக்கத்தில் சொன்ன இரு வீட்டாருக்கும் நடுவில் சென்றவர் அவர்களின் பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடசாலையில் கற்பித்த அக்கா ஒருவர். எட்டு மாதங்கள் அவர் தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளையின் பரீட்சைக்காக மற்ற வீட்டாரைச் செபிக்கச் சொல்வதும், ஒரு வீட்டு மாங்காயை மற்ற வீட்டுக்குக் கொண்டுபோவதுமாக இருந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஆயித்தியமலை அன்னையின் திருவிழாவுக்குக் கத்தோலிக்க உறவினரோடு நடந்துபோன இளையவர்களில் இரு வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். வழியில் ஒரே போத்தல் தண்ணீரைப் பகிர்ந்ததாக வந்து சொன்னார்கள். பெரியவர்கள் இன்னமும் பழைய வாங்கில் ஒன்றாக அமரவில்லை. இப்போது ஒரு வீட்டார் திருவிருந்துக்கு எழும்போது மற்ற வீட்டாரும் எழுகிறார்கள். அந்த அக்கா இன்னும் போய்வருகிறார்.